மணற்காட்டு மணல் எங்கிருந்து வந்தது? தொண்டைமானாறு ஆறா, கடலா?

தம்பி, நீர் ஒரு கேள்வி கேட்டதாக நினைக்கிறீர். உண்மையில் மூன்று கேட்டிருக்கிறீர். அம்மாவின் ஊரான குடத்தனைக்கு இந்த முறைதான் முதற்தடவை போயிருக்கிறீர். பக்கத்தில் மணற்காட்டில் கூரை உயரத்துக்கு மேலே குவிந்து கிடக்கும் வெள்ளை மணலைப் பார்த்துவிட்டு, "யாழ்ப்பாணம் சுண்ணக்கல் பூமி என்றுதானே படித்தோம், இவ்வளவு மணலும் எங்கிருந்து வந்தது?" என்பது முதற் கேள்வி. திரும்பும் வழியில் தொண்டைமானாற்றுப் பாலத்தில் நின்று, "இது ஆறா, கடலா?" என்பது இரண்டாவது. அம்மம்மா காலத்தில் வளவுக்குள் மணலைக் கையால் தோண்டிப் பூவலில் (ஆழமில்லாத ஊற்றுக்குழியில்) நல்ல தண்ணீர் அள்ளினார்களாம், இப்போது அதே வளவுக் கிணறு உவர்க்கிறதே, கடல் உயர்வதாலா என்பது மூன்றாவது.

இவற்றைப் பிரித்துப் பதில் சொல்ல வராது. மணல் வந்து கடலை மறித்தது. மறிபட்ட கடல் களப்பானது, அதாவது கரைக்குள் அடைபட்ட ஆழமில்லாத உப்புநீர்ப் பரப்பானது. மறித்த மணலுக்குள்ளே மழை தங்கியது. எல்லாம் ஒரே கதை. நீண்ட காலம் புவியியல் படிப்பித்தவன் என்பதால் கொஞ்சம் இழுத்துத்தான் சொல்வேன், பொறுத்துக்கொள்ளும்.

முதலில் கல். குடாநாட்டுக்கு அடியில் இருக்கும் சுண்ணக்கல் மயோசீன் காலத்தது. 2 கோடியே 30 லட்சம் ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 50 லட்சம் ஆண்டுகளுக்கு முன் முடிந்த காலம் அது. அப்போது இங்கே இருந்தது வெப்பமான, ஆழமில்லாத கடல். சிப்பி, சங்கு, முருகை என்கிற பவளம், கண்ணுக்குத் தெரியாத ஓட்டுயிர்கள் எல்லாம் செத்து அடியில் படிந்து இறுகியதுதான் நாங்கள் மதிலுக்கு அடுக்கும் கல். குடாநாட்டின் மேற்கே வலிகாமத்தில் புதுக்கிணறு வெட்டும்போது வெளியே குவிக்கிற கல்லில் ஒன்றை உடைத்துப் பாரும். சிப்பியின் வரி நேற்றுப் பதிந்ததுபோல் இருக்கும்.

இந்தக் கல்லுக்கு ஒரு குணம் உண்டு. மழைநீர் அதைக் கரைக்கும். வானத்திலும் மண்ணிலும் உள்ள காபனீரொட்சைட்டை வாங்கிக்கொண்டு, மிக மென்மையான அமிலமாகித்தான் மழை கல்லுக்குள் இறங்குகிறது. வெடிப்பு வழியே போய்ப் பொந்தாக்கும், பொந்தைக் குகையாக்கும். கீரிமலையில் கடல் ஓரத்திலேயே நன்னீர் ஊறுவது இதனால்தான். புத்தூர் நிலாவரைக் கிணறு மேலே நன்னீராகவும் ஆழத்தில் உப்பாகவும் இருப்பதும் இதனால்தான். நிலாவரையை மனதில் வைத்துக்கொள்ளும், கடைசியில் திரும்ப வருவோம்.

சரி, இனி 20,000 ஆண்டுகளுக்கு முன்னால் வாரும். கடைசிப் பனியுகத்தின் உச்சம். கடல்நீரில் பெரிய பங்கு வடக்கத்திய நிலங்களின் மேல் பனிக்கட்டியாகக் குந்திவிட்டதால், கடல் மட்டம் இன்றையதைவிட ஏறக்குறைய 120 மீற்றர் கீழே போயிருந்தது. பாக்குநீரிணையின் பெரும்பகுதிக்கு 15 மீற்றர் ஆழம்கூட இல்லை. ஆகவே பருத்தித்துறையிலிருந்து கோடிக்கரைக்குக் கால் நனையாமல் நடந்து போகலாம். (இப்போது போனால் நடுவழியில் கடற்படை நிற்கும்.) அந்தக் காலத்தில் குடாநாடும் இல்லை, தீவுகளும் இல்லை. பெரிய சமவெளி ஒன்றின் நடுவே இலேசாக உயர்ந்த கல்மேடு, அவ்வளவுதான் யாழ்ப்பாணம். கடல் இறங்கி நின்ற நெடுங்காலம் முழுக்க மழை அந்தக் கல்லைக் கரைத்துப் பள்ளம் பள்ளமாக்கியது. வன்னிப் பக்கத்து ஆறுகளோ தூரத்துக் கடலைத் தேடி ஓடி, இன்று கடலடியாக இருக்கும் வெளியெங்கும் மணலைக் கொட்டிவிட்டுப் போயின. பள்ளமும் தயார், மணலும் தயார். கடல் மட்டும் வர வேண்டியிருந்தது.

வந்தது. பனி உருக உருகக் கடல் ஏறியது. பாக்குநீரிணை நிரம்பி நாங்கள் இந்தியாவிலிருந்து பிரிந்தது ஏழெட்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னால்தான். கல்லின் வயதோடு ஒப்பிட்டால் அது நேற்று ராத்திரி. ஏறிய கடல் இன்றைய மட்டத்தோடு நிற்கவில்லை. ஏறக்குறைய 6,000 ஆண்டுகளுக்கு முன் இலங்கைக் கரைகளில் ஓரிரு மீற்றர் மேலேயே நின்றது. தென்னிலங்கையில் இன்று அலைக்கு எட்டாத உயரத்தில், நிலத்துக்குள் கிடக்கும் முருகைக் கற்படைகள் அதற்குச் சாட்சி. ஓரிரு மீற்றர் என்பது கண்டிக்காரனுக்கு ஒன்றுமில்லை. எங்கள் குடாநாட்டின் பெரும்பகுதி 10 மீற்றர் உயரத்துக்கும் குறைந்தது. வல்லை வெளி போன்ற தட்டையான நிலத்தில் கடல் ஒரு மீற்றர் ஏறினால் தண்ணீர் கிலோமீற்றர் கணக்கில் உள்ளே வரும். வலிகாமத்து மேடு ஒரு தீவாகவும், வடகிழக்கே வடமராட்சிக் கல்மேடு இன்னொரு தீவாகவும் நின்ற காட்சியைக் கற்பனை செய்து பாரும். பிறகு கடல் மெல்ல மெல்ல இன்றைய மட்டத்துக்கு இறங்கியது. இறங்கும்போது ஒவ்வொரு கரையிலும் ஒரு மணல்வரம்பை விட்டுவிட்டுப் போனது. உம்முடைய மணலின் பிறப்பு இங்கேதான்.

ஆனால் எந்த மணல்? அடுத்த முறை வரும்போது ஒரு சின்ன வேலை செய்யும். வேலணைத் தீவில் சாட்டிக் கடற்கரையில் ஒரு பிடி மணல், மணற்காட்டில் ஒரு பிடி. இரண்டையும் தனித்தனித் தேத்தண்ணிக் கோப்பையில் போட்டு வினாகிரி ஊற்றும். சாட்டி மணல் நுரைத்துப் பொரியும், காதை வைத்தால் சத்தம்கூடக் கேட்கும். அது சிப்பியும் முருகையும் நொருங்கிய சுண்ண மணல், உள்ளூர்ச் சரக்கு. மணற்காட்டு மணல் பேசாமல் கிடக்கும். இடையில் கலந்த சிப்பித்துண்டு ஒன்றிரண்டு மட்டும் குமிழ்விடும். வகுப்பில் வருடாவருடம் செய்த பரிசோதனை இது. ஒருமுறை ஒரு பொடியன் வினாகிரியோடு மிளகாய்த்தூளும் கொண்டுவந்தான். மாங்காய்க்காம்.

பேசாமல் கிடக்கும் அந்த மணல் குவார்ட்ஸ். சுண்ணக்கல் எவ்வளவு உடைந்தாலும் குவார்ட்ஸ் ஆகாது. கருங்கல் வகைப் பாறைகள் உக்கினால்தான் அது வரும், அப்படிப்பட்ட பாறை குடாநாட்டில் கிடையாது. ஆகவே வடமராட்சி கிழக்கு மணல் முழுக்க வந்தேறி. தீவின் உள்நாட்டுப் பாறைகள் உக்கி, ஆறுகளால் இறங்கி, கடலடியிலே கிடந்து, ஏறிவந்த கடலால் கரைக்குத் தள்ளப்பட்டு, கரையோடு நகர்ந்து வந்தது. அம்பன், வல்லிபுரம் பகுதி மணல் கண்ணாடி செய்யக்கூடிய தரமான சிலிக்கா மணல் என்று பெயர்பெற்றது, இவ்வளவு தூரம் அலைந்து கழுவுப்பட்டு வந்ததால்தான். வழியில் மென்மையான தாதுக்களெல்லாம் தேய்ந்து போய்விட்டன. தெற்கே புல்மோட்டையில் கரையோரம் கறுப்பாகக் கிடக்கும் இல்மனைற்று மணலும் அதே பாறைகளின் பிள்ளைதான். கனமானதால் அலை அதைத் தனியே கொழித்து ஒதுக்கிவைத்தது, அம்மா சுளகில் அரிசியைப் புடைப்பதுபோல.

கரையோடு நகர்வது எப்படி என்றால், அலை கரைக்கு நேராக வருவது அபூர்வம். சாய்வாக வந்து மணலைச் சாய்வாக ஏற்றும். திரும்பும்போது பள்ளத்தைப் பார்த்து நேராக இறங்கும். ஒவ்வொரு அலைக்கும் மணல் ஒரு சாண் இரண்டு சாண் பக்கவாட்டில் நகர்ந்துவிடும். ஒரு நாளைக்கு எத்தனை அலை என்று எண்ணிப் பாரும், பிறகு அதை ஆயிரக்கணக்கான ஆண்டுகளால் பெருக்கும். பருத்தித்துறையிலிருந்து சுண்டிக்குளம் வரை ஐம்பது கிலோமீற்றர் அளவுக்கு நாகர்கோவில், செம்பியன்பற்று, மருதங்கேணி, கட்டைக்காடு என்று ஊர்கள் அடுத்தடுத்து அமர்ந்திருக்கும் அந்த மணல்நாடா இப்படித்தான் எழுந்தது. ஒரு பக்கம் ஆழக்கடல், மறுபக்கம் பரவைக்கடல் என்கிற களப்பு.

அலை வரம்பைத்தான் கட்டும். அதைக் கும்பியாக, அதாவது மணல்மேடாக, ஆக்குவது காற்று. இதைப் பார்க்க வேண்டுமானால் மாசி மாதம் பின்னேரம் மணற்காட்டில் குந்தி, கண்ணை நிலத்தோடு வைத்துப் பாரும். ஐப்பசி, கார்த்திகையில் காற்று பலமாக இருந்தாலும் மணல் ஈரம், ஒட்டிக்கொண்டு கிடக்கும். தை பிறந்து மழை விட்ட பிறகும் கடற்பக்கக் காற்று விடாது, மணலோ காய்ந்துவிடும். அப்போது நிலத்திலிருந்து ஒரு சாண் உயரத்துக்குப் புகை மாதிரி ஓடும். ஒவ்வொரு மணியும் துள்ளி விழுந்து, விழுந்த இடத்தில் இன்னும் இரண்டு மணியைத் துள்ளவைக்கும். கணுக்காலில் ஊசி குத்தும், முழங்காலில் ஒன்றும் தெரியாது. ஏதாவது தடை வந்தால் காற்று அங்கே வேகம் குறைந்து சுமையைப் போட்டுவிடும்.

தடை என்பது பெரும்பாலும் இராவணன் மீசைதான். குத்தும் புல், அதன் உருண்டைத் தலை காற்றில் உருண்டோடிப் போய் வேறிடத்தில் விதை போடும். மணல் மூட மூட மேலே வளரும், வளர வளர இன்னும் மணலைப் பிடிக்கும். கடலுக்குக் கிட்ட அடம்பன். 'அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு' என்று பழமொழி சொன்னவர் ஒற்றுமையைப் பற்றித்தான் சொல்லியிருப்பார், ஆனாலும் மணல்கும்பி எப்படி எழும்புகிறது என்பதற்கு இதைவிடச் சுருக்கமான விளக்கம் பாடப்புத்தகத்தில் இல்லை. வைகாசி தொடங்கி ஆவணி தாண்டி வீசும் சோளகம் எதிர்ப்பக்கத்தால், தரையிலிருந்து கடலைப் பார்த்து அடிக்கும். ஒரு காற்று உள்ளே தள்ள, மறு காற்று திருப்பித் தள்ள, கும்பி வெகுதூரம் ஓடாமல் நின்ற இடத்தில் உயர்கிறது என்பது என் கணிப்பு. ஓடவே ஓடாது என்று நினைத்துவிடாதேயும். மணற்காட்டில் மணலுக்குள் பாதி புதைந்து நிற்கும் பழைய அந்தோனியார் கோவில் சுவரைப் பார்த்திருப்பீர்.

மணலின் வயதை எப்படி அறிவது என்று அடுத்து கேட்பீர். ஆய்வுகூடத்தில் ஒரு வழி இருக்கிறது: குவார்ட்ஸ் மணி வெயில் படாமல் புதைந்து கிடக்கும்போது சுற்றியுள்ள கதிர்வீச்சைச் சிறுகச் சிறுகச் சேமிக்கும். இருட்டறையில் ஒளியடித்தால் சேமித்ததை ஒளியாகவே விட்டுவிடும். அதை அளந்தால் கடைசியாக வெயில் கண்டது எப்போது என்று தெரியும். எங்களுக்கு எளிதான சாட்சி வல்லிபுரம். 1936இல் அங்கே கிடைத்த பொன்னேடு அனுராதபுரத்து வசப மன்னன் காலத்தது, யாழ்ப்பாணத்தின் பழம்பெயரான நாகதீவைக் குறிப்பிடுவது. ஏறக்குறைய 1,900 ஆண்டுகளுக்கு முன்பே அங்கே ஆட்கள் குடியிருந்திருக்கிறார்கள் என்றால் மணல்வரம்பு அதற்கு முந்தியது. காற்று மேல்மணலை வாரிக்கொண்டு போன இடங்களில் பழைய ஓட்டுத்துண்டுகள் வெளியே தெரியும். புரட்டாதியில் வல்லிபுர ஆழ்வார் கடல் தீர்த்தத்துக்குச் சனத்தோடு சனமாக மணலில் கால் புதைய நடந்து போகும்போது காலடியில் அகப்படுவது என்ன என்று யாரும் குனிந்து பார்ப்பதில்லை. யாழ்ப்பாணத்துக்கு மணற்றி, மணற்றிடல் என்று பழம்பெயர் இருந்ததும், வேலணையில் மண்கும்பான் என்று ஒரு ஊரே இருப்பதும் சும்மா அல்ல.

இனித் தொண்டைமானாறு. குடாநாட்டில் ஆண்டு முழுக்க ஓடும் ஆறு என்று ஒன்றும் இல்லை. மலை இல்லை, ஊற்றெடுத்து ஓட வழியில்லை, விழும் மழை கல்லுக்குள் இறங்கிவிடும். நீர் பாலத்தில் நின்று பார்த்தது வடமராட்சிக் களப்பின் வாய். கடல் ஏறியபோது கல்மேட்டுக்கும் மணல்வரம்புக்கும் இடைப்பட்ட பள்ளத்தில் புகுந்த தண்ணீர், வரம்பு நீண்டு மூடியதும் உள்ளே அகப்பட்டுப்போனது. அது செல்வச்சந்நிதி வாசலில் தொடங்கி, கும்பிகளுக்குப் பின்னால் ஒளிந்தபடி தென்கிழக்கே நீண்டு கிடக்கிறது. உப்பை ஏற்றிப்போகத் தொண்டைமான் என்பவன் வாயை வெட்டி ஆழமாக்கினான், அதனால் இந்தப் பெயர் என்பது ஊர்க்கதை. கதை எப்படியோ, வாய் அடிக்கடி மணலால் தூர்ந்துபோகும் என்ற உண்மை அதற்குள் இருக்கிறது. தெற்குப் பக்கத்தில் பூநகரியின் கௌதாரிமுனை, மண்ணித்தலைப் பக்கம் நீளும் மணல்நாக்கும் இதே வேலையைத்தான் செய்கிறது: யாழ்ப்பாணப் பரவைக்கடலின் வாயை ஒடுக்குகிறது. மண்ணித்தலையில் மணலுக்கு நடுவே சோழர் காலச் சிவன் கோவில் ஒன்று இடிந்து நிற்கிறது.

மறிபட்ட தண்ணீர் சதுப்பாவது எப்படி? அலை இல்லாத இடத்தில்தான் சேறு படியும். எங்கள் பக்கத்தில் வற்றுப்பெருக்கு ஒரு மீற்றர்கூட இல்லை, ஆகவே படிந்த சேற்றை வாரிக்கொண்டு போக ஆளில்லை. முதலில் பாசிப்படலம் பிடித்துச் சேற்றைத் தோல்போல் மூடும். கொஞ்சம் உயர்ந்ததும் உமரி முளைக்கும். அதை வாயில் போட்டுக் கடித்துப் பாரும், உப்புக்கட்டிதான். தண்ணீர் வந்துபோகும் ஓரத்தில் கண்டல் மூச்சுவேர் விட்டு நிற்கும், சேற்றை இன்னும் பிடிக்கும். சேறு ஏற ஏறத் தரவையாகும், அதாவது மரமில்லாத உவர்வெளியாகும். வல்லை வெளியால் ஆவணியில் பஸ்ஸில் போனால் வெள்ளை உப்புத்தோல் வெயிலில் கண்ணைக் குத்தும். மார்கழியில் போனால் அதே வெளி கடல் மாதிரி நிற்கும், கொக்கும் நாரையும் நிறைந்திருக்கும். ஒரே நிலம் ஆறு மாதம் பாலைவனம், ஆறு மாதம் ஏரி. பூநாரை கூட்டம் கூட்டமாக வரும் சுண்டிக்குளம் 1938இலேயே பறவைகள் சரணாலயமாக்கப்பட்டது, 2015இல் தேசியப் பூங்காவானது. இந்தச் சேறு ஒரு பதிவேடும்தான்: இலங்கையின் தென்கிழக்கே அம்பாந்தோட்டைப் பக்கத்துக் கரகன் களப்பில் சேற்றைத் துளைத்தபோது, 2004க்கு எத்தனையோ ஆண்டு முந்திய சுனாமிகள் வாரிப்போட்ட மணற்படைகள் நடுநடுவே இருந்தன.

நீர் நின்ற பாலத்தடியில் கதவுகள் இருந்திருக்கும், கவனித்தீரோ தெரியாது. உப்பு உள்ளே வராமல், மழைவெள்ளம் வெளியே ஓடாமல் தடுப்பதற்கு. களப்புகளை நன்னீராக்கி ஆனையிறவுத் தண்ணீரை முள்ளியான் வாய்க்காலால் வடமராட்சிக்குக் கொண்டுவரும் திட்டத்தைப் பொறியியலாளர் எஸ். ஆறுமுகம் 1954இல் முன்வைத்தார். இன்றுவரை அரைகுறை. அதைப் பற்றி எழுதினால் என் இரத்த அழுத்தம் ஏறும், விடுவோம்.

கடைசியாகப் பூவல். மணல்மேல் விழும் மழை ஓடாது, நேரே இறங்கும். அடியில் உப்புநீர். நன்னீர் இலேசானது என்பதால் அதன்மேல் மிதக்கும், நிலாவரையில் நடப்பதுபோல. கடல்நீரின் அடர்த்தி 1.025, நன்னீருடையது 1. இந்தச் சின்ன வித்தியாசத்தின் விளைவைப் பாரும்: கடல் மட்டத்துக்கு மேல் நன்னீர் 1 அடி நின்றால், கீழே 40 அடி நன்னீர் உப்பை அமுக்கிவைத்திருக்கும். குடத்தனை போன்ற ஒடுங்கிய நிலத்தில் அவ்வளவு தடிப்பு தேறாது, ஆனால் விகிதம் அதுதான். மேலே ஒரு சாண் குறைந்தால் கீழே நாற்பது சாண் உப்பு ஏறும். அம்மம்மா கையால் தோண்டிச் சிரட்டையால் அள்ளினார், மேல்தண்ணீரை மட்டும் தொட்டார். மருதங்கேணி, வெற்றிலைக்கேணி என்று ஊருக்கே கேணியின் பெயர் வைத்தவர்களுக்கு இந்தக் கணக்குக் கையில் தெரிந்திருந்தது.

கடல் உயர்கிறதுதான். 2006க்கும் 2018க்கும் இடையில் உலகச் சராசரி வருடத்துக்கு 3.7 மில்லிமீற்றர். 1901இலிருந்து எடுத்தால் மொத்தம் 20 சென்ரிமீற்றர். அதனால் நாளைக்கு வரும் தொல்லை பெரிது. ஆனால் உம்முடைய வளவுக் கிணற்றுக்கு அதை முதற் குற்றவாளியாக நிறுத்த மாட்டேன். 2004 மார்கழியில் வடமராட்சி கிழக்குக் கிணறுகளுக்குள் கடலே புகுந்தது, அந்த உப்பு கழுவுப்பட மாரிகள் பல வேண்டியிருந்தன. இப்போது வீட்டுக்கு வீடு மோட்டர், தண்ணீர்த்தாங்கி நிரம்பும்வரை ஒரே இழுவை. இழுக்கும் இடத்தில் அடி உப்பு கூம்பாக மேலே எழும்பும். எல்லாவற்றுக்கும் மேலே, ராத்திரியில் டிப்பரில் போகும் மணல். கும்பியை வெட்டினால் மழை தேங்கும் பாத்திரமே சிறிதாகிறது. நீர்மட்டம் இறங்க, ஒன்றுக்கு நாற்பது கணக்கு வேலை செய்யத் தொடங்கும். அந்த மணலைத் திருப்பிக் கொண்டுவர ஆறாயிரம் ஆண்டு முந்திய கடலும், அது கூட்டிவந்த கடலடி மணலும் இப்போது இல்லை.

உம்முடைய வளவில் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. கிணற்றை ஆழமாக்கச் சொல்லி யாராவது சொன்னால் கேட்க வேண்டாம், உப்பைத்தான் சந்திப்பீர். மாரி முடிந்த கையோடு, தை மாதத்தில், கிணற்றிலிருந்து தள்ளி, வளவில் மணல் உயர்ந்த பக்கத்தில் ஆழமில்லாத ஒரு குழி தோண்டி ஒரு ராத்திரி ஊறவிட்டுக் குடித்துப் பாரும். எப்படி இருந்தது என்று எழுதும்.